தினசரி சமையலுக்கு ஒரு நல்ல கத்தி, 1500 ரூபாய்க்குள். எதை வாங்கலாம்?

மிளகுரசம் (கோவை), சனி, காலை 10.12

கல்யாணத்துக்கு வந்த பரிசுகளில் ஒரு கத்தி செட்டும் இருந்தது. மரக்கட்டையில் செருகி வைக்கிற ஆறு கத்தி, கூடவே ஒரு கத்தரிக்கோல். மேடையில் வைத்தால் பார்க்க அழகுதான். எட்டு மாதம் ஆகிறது. இன்று காலை ரசத்துக்குத் தக்காளி நறுக்கப் போனால் கத்தி தோலின் மேலேயே வழுக்குகிறது. கொஞ்சம் அழுத்தினேன், பழம் நசுங்கி விதையெல்லாம் மேடை முழுக்கத் தெறித்தது. கடைசியில் கையால் பிசைந்தே போட்டேன். ரசத்துக்கு அது பரவாயில்லை, பீன்ஸ் பொரியலுக்கு என்ன செய்வது?

ஊரில் அம்மாவுக்கு எல்லாமே அருவாமனைதான். எனக்கு இடுப்பு ஒத்துழைக்காது, தரையில் உட்கார்ந்து எழுந்தால் அன்றைக்கு முழுக்க வலி. நின்றுகொண்டேதான் நறுக்க வேண்டும். தினமும் காய்கறி, ஞாயிற்றுக்கிழமை மீன் (கடையிலேயே வெட்டிச் சுத்தம் செய்து வாங்கிவிடுவோம்). 1500 ரூபாய்க்கு மேல் செலவு செய்ய மனசில்லை. ஒரு கத்தி போதுமா, இரண்டு வேண்டுமா? 'ஜெர்மன் ஸ்டீல்', 'ஜப்பானியத் தொழில்நுட்பம்' என்றெல்லாம் அட்டையில் போட்டிருப்பதில் ஏதாவது விஷயம் இருக்கிறதா?

ஹாஸ்டல்காரன் (சென்னை), சனி, காலை 10.31

விக்டோரினாக்ஸ் சின்னக் கத்தி. பல் வைத்தது, 11 செ.மீ., முனை உருண்டையாக இருக்கும். தக்காளி என்ன, எலுமிச்சை, பன், மாங்காய் எல்லாவற்றுக்கும் அதுதான். நான் ரூம் எடுத்து நாலு வருடம் ஆகிறது, வேறு கத்தியே வாங்கவில்லை. 500 ரூபாய்கூட ஆகவில்லை. முடிந்தது கதை.

பட்டறைவீடு (சிவகங்கை), சனி, மதியம் 1.05

தம்பி சொல்வது பாதி சரி. மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

எங்கள் தாத்தாவும் அப்பாவும் திருப்பாச்சேத்தியில் அரிவாள் அடித்தவர்கள். லாரிக்கு அடியில் இருக்கிற பட்டையை வாங்கி வந்து, காய்ச்சி அடித்து, தண்ணீரில் தோய்த்துப் பதம் போடுவார்கள். நான் படித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் இரும்பைச் சூடுபடுத்திப் பதம் செய்யும் பிரிவில் இருக்கிறேன். இடம்தான் மாறியிருக்கிறது, வேலை அதேதான்.

கத்தி வாங்குகிறவர்கள் பிடியைப் பார்க்கிறார்கள், பளபளப்பைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது இரண்டு: அலகின் இரும்பு என்ன, அது எவ்வளவு மெல்லிசு.

சாம்பார் வாளி, டிபன் பாக்ஸ் செய்கிற 304 ரக ஸ்டீல் துருப்பிடிக்காது, ஆனால் எவ்வளவு சூடுபடுத்தித் தோய்த்தாலும் கெட்டிப்படாது. அதில் கத்தி செய்தால் ஒரு வாரம்கூடக் கூர் நிற்காது. கத்திக்கு வேண்டியது கார்பன் கூடுதலாக உள்ள வேறு ரகம். விக்டோரினாக்ஸும் பல ஜெர்மன் கம்பெனிகளும் பயன்படுத்துவது எக்ஸ்50 என்று தொடங்குகிற ஒரு ரகம்: சுமார் அரை சதவீதம் கார்பன், 15 சதவீதம் குரோமியம், கொஞ்சம் மாலிப்டினம், கொஞ்சம் வனேடியம். இரும்பின் கெட்டியை அளக்கிற ராக்வெல் அளவில் 55, 56 வரும். ஜப்பானியக் கத்திகள் பல 60-க்கு மேலே போகும். நம் ஊர் மலிவு செட்டுகள் அதற்கெல்லாம் கீழே, எவ்வளவு கீழே என்பது அந்தந்தக் கம்பெனி பதம் போட்ட அழகைப் பொறுத்தது.

'ஜெர்மன் ஸ்டீல்' என்று மட்டும் போட்டு ரக எண்ணோ கெட்டி எண்ணோ போடவில்லை என்றால், 'நயம் நெய்' என்று போர்டு வைத்த மாதிரிதான்.

1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்பவர் துருப்பிடிக்காத ஸ்டீலை உருவாக்கினார். துப்பாக்கிக் குழல் ஆராய்ச்சியில் கிடைத்தது அது. கத்தி செய்யலாமே என்று அவர் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஊர்க்காரர்கள் பழைய பழக்கத்தில் பதம் போட்டார்கள், சரியாக வரவில்லை. 'வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்' என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். இரும்பு நல்லதாக இருந்தாலும் பதம் தப்பினால் அவ்வளவுதான்.

மிளகுரசம், சனி, மதியம் 2.20

பயமுறுத்திவிட்டீர்கள். என் செட் 304-ஆ என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா?

பட்டறைவீடு, சனி, மதியம் 2.34

பிரிட்ஜில் ஒட்டியிருக்கிற காந்தத்தை எடுத்து அலகில் வையுங்கள். ஒட்டவே இல்லை என்றால் அது கத்தி இரும்பே இல்லை, தூக்கிப் போடலாம். ஒட்டினால் நல்ல கத்தி என்று அர்த்தம் இல்லை, ஏனென்றால் கெட்டிப்படாத மலிவு ரகம் ஒன்றும் காந்தத்தில் ஒட்டும். வேண்டாததைக் கழிக்க மட்டும்தான் இந்தச் சோதனை.

மிளகுரசம், சனி, மதியம் 2.41

ஆறும் ஒட்டுகிறது. கத்தரிக்கோலும்!

தேக்காவாசி (சிங்கப்பூர்), சனி, மாலை 6.50

இங்கே யாரும் கிவி பற்றிச் சொல்லவில்லையே. தாய்லாந்துக் கத்தி, மரப்பிடி, அலகு காகித அட்டை மாதிரி மெல்லிசு. விரலால் தள்ளினால் லேசாக வளையும். நான் வாங்கியபோது ஆறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இங்கே எத்தனையோ சாப்பாட்டுக் கடைகளில் காய் நறுக்குவது இதில்தான்.

மெல்லிசாக இருப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கேரட்டை நறுக்கும்போது தடித்த கத்தி பாதி தூரம் போனதும் 'டக்' என்று காயைப் பிளக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? அது வெட்டு இல்லை, ஆப்பு வைத்துப் பிளக்கிற வேலை. கிவி அப்படிப் பிளக்காது, கேரட் வட்டம் வட்டமாகச் சாய்ந்து விழும்.

குறை: கூர் சீக்கிரம் போகும். நான் பத்து நாளைக்கு ஒரு முறை தீட்டுகிறேன், இரண்டு நிமிட வேலை. பூசணிக்காயில் இதைக் குத்தி ஆட்டினால் வளைந்து கோணலாகிவிடும். எனக்கு ஆகியிருக்கிறது.

ஊருக்கு வரும்போது நாலு வாங்கி வந்தேன். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். பெரிய பெட்டியில், அட்டையில் சுற்றி.

பந்திமாஸ்டர் (மதுரை), சனி, இரவு 10.15

வேலை முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறேன். முகூர்த்த நாளில் எங்கள் ஆட்கள் நறுக்குகிற வெங்காயம் மட்டும் அறுபது, எழுபது கிலோ.

செட் வாங்கவே வேண்டாம். ஆறு கத்தியில் நாலு அந்தக் கட்டையை விட்டு வெளியே வராது. மிளகுரசம் அக்கா, நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், நீங்கள் எடுப்பது எத்தனை?

வீட்டுக்கு இரண்டு கத்தி போதும். ஒன்று சின்னது, நாலு அங்குலம்: சின்ன வெங்காயம் உரிக்க, மிளகாய் கீற, கத்தரிக்காய்க் காம்பு எடுக்க. இன்னொன்று பெரியது, ஏழோ எட்டோ அங்குலம்: முட்டைக்கோஸ், சுரைக்காய், கீரைக்கட்டு. நம் வீடுகளில் எல்லாரும் சின்னக் கத்தியை வைத்துக்கொண்டு பூசணியோடு மல்லுக்கட்டுகிறார்கள். கை வெட்டுப்படுவது அதில்தான். பெரிய கத்தி என்றால் பயம். பெரிய கத்தி தன் எடையிலேயே இறங்கும், நாம் தள்ள வேண்டியதில்லை.

பிடிக்கிற முறையும் இருக்கிறது. பிடியை மட்டும் பிடிக்காமல், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் அலகின் அடிப்பக்கத்தைக் கிள்ளிப் பிடிக்க வேண்டும். கத்தி ஆடாது. இடது கை விரல் நுனிகளை உள்ளே மடக்கி, மடக்கிய கணு கத்தியின் பக்கவாட்டில் உரசுகிற மாதிரி. முதல் வாரம் சிரமமாக இருக்கும், புதுப் பையன்களுக்கு நான் கத்திக் கத்திச் சொல்வது இதைத்தான். (கத்தியைப் பற்றிக் கத்துகிறேன், ஆமாம்.)

பிடி எப்படி இருக்கணும் என்றால், ஈரக் கையிலும் எண்ணெய்க் கையிலும் வழுக்காத சொரசொரப்பான பிளாஸ்டிக்தான் எனக்குப் பிடிக்கும். மரப்பிடி அழகு, ஆனால் ஊறவைத்தால் ஆணி லூசாகி இடுக்கில் அழுக்குச் சேரும்.

ஓய்வூதியர்62 (ஈரோடு), ஞாயிறு, காலை 6.02

அருவாமனையை இவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட்டீர்களே. கத்தி நின்ற இடத்தில் நிற்கிறது, காயை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறோம். பலகை வேண்டாம். மீன் செதில் எடுக்கவும் சேனைக்கிழங்கைத் தோல் சீவவும் இதற்கு மேல் ஒரு கருவி கிடையாது. உட்கார முடியாதவர்களுக்கு மேடையில் இறுக்கி வைத்துக்கொள்கிற சின்ன அருவாமனையும் பாத்திரக் கடைகளில் கிடைக்கிறது.

இரும்பைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு ஒரு விஷயம். எங்கள் மாவட்டத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. அங்கே அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன. மூசையில் (உலோகம் உருக்குகிற மண் கிண்ணம்) வைத்து எஃகு செய்த தடயமும் உண்டு. தென்னிந்திய எஃகை மேல்நாட்டார் 'வூட்ஸ்' என்றார்கள். 'உருக்கு' என்ற சொல்லோ கன்னடத்து 'உக்கு'வோ திரிந்து வந்த பெயர் என்பார்கள். மைக்கேல் ஃபாரடே மின்சாரத்துக்குப் போகும் முன் 1819-இல் அந்த எஃகைச் சோதித்துக் கட்டுரை எழுதினார். அப்பேர்ப்பட்ட ஊரில் இருந்துகொண்டு ஜெர்மன் ஸ்டீல் தேடுகிறோம்.

மிளகுரசம், ஞாயிறு, காலை 8.45

ஐயா, படிக்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் கொடுமணலிலிருந்து என் தக்காளிக்கு எப்படி வருவது?

மாஸ்டர் கேட்ட கேள்விக்கு: நான் எடுப்பது இரண்டுதான். மூன்றாவதில் ஒரு முறை கேக் வெட்டினோம்.

வடமராட்சி (டொராண்டோ), ஞாயிறு, மாலை 5.30

நான் பட்டதைச் சொல்கிறேன். இங்கே எங்களுக்கு மீன் பெரும்பாலும் உறைந்துதான் வரும். போன வருடம் ஆசைப்பட்டு சந்தோக்கு என்கிற ஜப்பானியச் சமையல் கத்தி ஒன்று வாங்கினேன். நல்ல காசு. வெங்காயத்தில் வைத்தால் வெண்ணெய் மாதிரி இறங்கும். ஒரு மாதம் வீட்டில் யாரையும் தொட விடவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, பாரை மீன் தலை முழுதாக இளகவில்லை, விருந்தாட்கள் வரப்போகிறார்கள் என்ற அவசரத்தில் அந்தக் கத்தியாலேயே ஒரு போடு போட்டேன். 'கிளிக்' என்று ஒரு சத்தம். அலகின் வாயில், அதாவது வெட்டுகிற விளிம்பில், அரிசி அளவு துண்டு காணவில்லை. மீனுக்குள் தேடி எடுத்துவிட்டுத்தான் குழம்பே வைத்தேன்.

கத்தியில் குற்றமில்லை, என் கைதான். கெட்டியான இரும்பு கூர்மையை அதிக நாள் வைத்திருக்கும், ஆனால் வளையாது, உடையும். மென்மையான இரும்பு மழுங்கும், உடையாது. முள்ளும் எலும்பும் தேங்காயும் புழங்குகிற எங்கட சமையலுக்கு இரண்டாவதுதான் வசதி. அம்மா இப்பவும் தேங்காய் உடைக்கக் கத்தியின் முதுகைத்தான் எடுப்பா. அதற்கென்று ஒரு பழைய கொடுவாக் கத்தி வைத்திருக்கிறேன், சந்தோக்கு இப்போது காய்க்கு மட்டும்.

இன்னொன்று, பாத்திரம் கழுவுகிற மெஷினில் கத்தியைப் போடாதேங்கோ. மற்றப் பாத்திரங்களோடு அடிபட்டே கூர் போய்விடும்.

சின்னவெங்காயம் (திருச்சி), ஞாயிறு, இரவு 9.10

பெயருக்கு ஏற்ற சந்தேகம்: கூரான கத்தியில் நறுக்கினால் கண் எரியாது என்கிறார்களே, நிஜமா?

பட்டறைவீடு, ஞாயிறு, இரவு 9.48

குறையும், போகாது. வெங்காயத்தின் செல்கள் உடையும்போது உள்ளே தனித்தனியாக இருந்தவை கலந்து கண்ணை எரிக்கிற ஆவி உண்டாகிறது. மழுங்கிய கத்தி நசுக்குவதால் அதிக செல்கள் உடையும். அந்த ஆவியை உண்டாக்கும் நொதியை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002-இல்தான் கண்டுபிடித்தார்கள். 2013-இல் அதற்கு இக் நோபல் கிடைத்தது, சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்குக் கொடுப்பார்களே, அது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு பேர் பேசியும் யாரும் தீட்டுவதை விரிவாகச் சொல்லவில்லை. 1500 ரூபாயில் 300-ஐ முதலில் கல்லுக்கு ஒதுக்குங்கள். கல் இல்லாமல் ஐயாயிரம் ரூபாய்க் கத்தி வாங்கினாலும் அடுத்த தீபாவளிக்குள் அதுவும் தக்காளியில் வழுக்கும்.

ஹார்டுவேர் கடையில் 'கார்போரண்டம் கல்' என்று கேளுங்கள். தச்சர்கள் உளி தீட்டுவது. எட்டு அங்குல நீளம், ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைஸ். சென்னையில் 1954-இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனியின் கல்தான் எங்கள் வீட்டில் இருக்கிறது, அப்பா வாங்கியது, நடுவில் குழிந்துபோய்விட்டது.

கோணம்தான் எல்லாருக்கும் பயம். ஒரு சதுரத் தாளை எடுங்கள். மூலை 90 டிகிரி. அதை ஒரு முறை மடித்தால் 45. இன்னொரு முறை மடித்தால் இருபத்திரண்டரை. அந்த முக்கோணத்தைக் கல்லின் மேல் வைத்து, கத்தியை அதற்குச் சற்றுக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். அவ்வளவுதான் கோணம். இன்னொரு கணக்கு: அலகின் அகலம் நாலரை செ.மீ. என்றால், கத்தியின் முதுகு கல்லிலிருந்து ஒன்றரை செ.மீ. உயரத்தில் இருந்தால் 20 டிகிரி. அந்த உயரத்துக்கு நாணயங்களை அடுக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஈரத்துணியை விரித்து அதன்மேல் கல்லை வையுங்கள், நகராது. கல்லில் தண்ணீர் விடுங்கள். சொரசொரப்புப் பக்கம், அடியிலிருந்து நுனி வரை, ஒரே கோணத்தில் பத்துப் பதினைந்து இழுப்பு. பிறகு கட்டை விரலை அலகின் மறுபக்கத்தில் முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக, வெளியே போகிற மாதிரி மெதுவாக ஓட்டுங்கள். வாயோடு நீளவாக்கில் ஓட்டினால் ரத்தம்தான். விளிம்பில் மெல்லிய சொரசொரப்பு தட்டுப்படும். அதுதான் பிசிறு. பிசிறு முழு நீளத்துக்கும் வந்துவிட்டால் அந்தப் பக்கம் முடிந்தது. வரவில்லை என்றால் இன்னும் தீட்ட வேண்டும். முக்கால்வாசிப் பேர் இதற்கு முன்பே நிறுத்திவிட்டு 'கல் சரியில்லை' என்கிறார்கள்.

அடுத்த பக்கமும் அதேபோல். அப்புறம் நைஸ் பக்கத்தில் அழுத்தமே இல்லாமல் பக்கம் மாற்றி மாற்றி ஐந்து, மூன்று, ஒன்று என்று இழுப்பு. மீதிப் பிசிறு போக, மடித்த பழைய செய்தித்தாளிலோ தோல் பெல்ட்டிலோ கத்தியைப் பின்னோக்கி, முதுகு முன்னே போகும்படி இழுங்கள். கழுவித் துடையுங்கள். தக்காளியை எடுங்கள்.

கல் கையில் இல்லாத நாளில் பீங்கான் காபி கப்பைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்புப் பூசாத ஒரு வளையம் இருக்கும். அதில் நாலு இழுப்பு இழுத்தால் அன்றைய சமையல் ஓடிவிடும். கத்தியை நுழைத்து இழுக்கிற 'வி' வடிவப் பொறி ஒன்று விற்கிறார்கள். அவசரத்துக்கு வேலை செய்யும், ஆனால் ஒவ்வொரு தடவையும் இரும்பைச் சுரண்டி எடுக்கும். நல்ல கத்திக்கு வேண்டாம்.

ஹாஸ்டல்காரன் தம்பிக்கு: உன் பல் கத்தி நாலு வருடம் ஓடியதற்குக் காரணம், பற்களின் குழிகள் பலகையில் படாது. ஆனால் அது மழுங்கினால் தட்டைக் கல்லில் தீட்ட முடியாது. கொத்தமல்லி பொடியாக நறுக்கவும் வராது. ரம்பம் ரம்பம்தான்.

ஹாஸ்டல்காரன், ஞாயிறு, இரவு 10.02

கொத்தமல்லியைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறேன் அண்ணா. 😀

பெரம்பூர்மாடி (சென்னை), திங்கள், காலை 11.25

இவ்வளவு கஷ்டம் எதற்கு, தெருவில் 'சாணை பிடிக்கிறதேய்' என்று வருவாரே என்று நினைத்துத்தான் போன மாதம் என் கத்தியைக் கொடுத்தேன். மோட்டார் வைத்த சக்கரம். தீபாவளி மத்தாப்பு மாதிரி பொறி பறந்தது. வாங்கியபோது கூர் பிரமாதம். பத்தே நாளில் பழையபடி. வாய்ப்பக்கம் ஓரிடத்தில் நீல நிறமாக ஒரு தீற்று இருக்கிறது. இது என்ன?

பட்டறைவீடு, திங்கள், மதியம் 12.50

பதம் போய்விட்டது. தண்ணீர் காட்டாமல் வேகச் சக்கரத்தில் அழுத்தியதால் சூடு ஏறியிருக்கிறது. நீலம் தெரிந்தால் அந்த இடம் 300 டிகிரியை ஒட்டியோ தாண்டியோ போய்விட்டது என்று வையுங்கள். அங்கே இரும்பு இளகிவிட்டது, கூர் நிற்காது. கல்லில் தீட்டித் தீட்டி அந்த நீலப் பகுதி தேய்ந்து போனால் உள்ளே இருக்கிற நல்ல இரும்பு வரும், பொறுமை வேண்டும்.

சாணைக்காரர்கள் எல்லாரும் அப்படி இல்லை. காலால் மிதித்துச் சக்கரம் சுற்றுகிற பெரியவர் யாராவது வந்தால் தாராளமாகக் கொடுங்கள். அந்த வேகத்தில் அவ்வளவு சூடு வராது. அவ்வப்போது தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள்.

பந்திமாஸ்டர், திங்கள், மாலை 4.40

மிளகுரசம் அக்காவிடம் ஒன்று கேட்க மறந்தேன். எதன்மேல் வைத்து நறுக்குகிறீர்கள்?

மிளகுரசம், திங்கள், மாலை 5.15

...கிரானைட் மேடை மேலேயே. சில சமயம் எவர்சில்வர் தட்டில்.

பந்திமாஸ்டர், திங்கள், மாலை 5.21

அடப்பாவமே! அதான் எட்டு மாதத்தில் மொண்ணையாகியிருக்கிறது. கிரானைட் கத்தியை விடக் கெட்டி. ஒவ்வொரு வெட்டுக்கும் கூர் மடங்கும். கண்ணாடிப் பலகை அதைவிட மோசம், அதை யார் கண்டுபிடித்தார்களோ. மரப்பலகை வாங்குங்கள், இல்லையென்றால் சாதாரண வெள்ளை பிளாஸ்டிக். கறிக்கடையில் புளியமரக் கட்டை போட்டிருப்பார்கள் பாருங்கள், வருடக்கணக்கில் வெட்டு வாங்கியும் நிற்கும், கத்தியையும் கெடுக்காது.

வடமராட்சி, திங்கள், இரவு 8.00

மரத்தில் கிருமி தங்கும் என்று சொல்லி என் வீட்டுக்காரர் பிளாஸ்டிக்தான் வேண்டும் என்று நின்றார். 1990-களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவர் என்ற நுண்ணுயிரியலாளர் இதைச் சோதித்திருக்கிறார். மரத்தில் விட்ட பாக்டீரியா உள்ளே உறிஞ்சப்பட்டுத் திரும்ப மேலே வருவது அரிதாக இருந்தது. கத்திக் கீறல் விழுந்த பிளாஸ்டிக்கைக் கையால் கழுவிச் சுத்தம் செய்வதுதான் கஷ்டமாக இருந்தது. அதைக் காட்டித்தான் சண்டையை முடித்தேன். ஆனாலும் மீனுக்கும் இறைச்சிக்கும் வேறு பலகை வைத்திருக்கிறேன், அது பழக்கம்.

ஓய்வூதியர்62, செவ்வாய், காலை 6.10

யாராவது பட்டறையில் அடித்த இரும்புக் கத்தி வாங்குவதாக இருந்தால் ஒன்று நினைவிருக்கட்டும். வாழைப்பூவும் வாழைக்காயும் அதில் நறுக்கினால் கருகருவென்று ஆகிவிடும். காயின் துவர்ப்பு இரும்போடு சேர்கிற வேலை அது. அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே கணக்குதான். உங்கள் பொரியலில் மை காய்ச்ச வேண்டாம் என்றால் அதற்கு மட்டும் எவர்சில்வர் கத்தி. மற்றபடி நறுக்கியதும் கழுவி, துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் இரும்புக் கத்தி என் பேத்தி காலத்துக்கும் வரும்.

மிளகுரசம், நான்கு வாரம் கழித்து, ஞாயிறு, காலை 11.30

எல்லாருக்கும் கணக்கு ஒப்பிக்க வந்தேன்.

கல் 280. வேப்பமரப் பலகை 420. ஹாஸ்டல்காரன் தம்பி சொன்ன பல் கத்தி ஒன்று. பெரிய கத்தி வாங்கவில்லை! செட்டில் இருந்த எட்டு அங்குலக் கத்தியையே தீட்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். போனால் பரிசுக் கத்திதானே.

முதல் நாள் நாற்பது நிமிடம். பிசிறு என்றால் என்னவென்றே புரியவில்லை, தடவித் தடவிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. கணவர் வந்து, 'கத்திக்கு மசாஜா?' என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டாம் நாள் தாளை மடித்து வைத்துக்கொண்டு கோணம் மாறாமல் இழுத்ததில் நுனிப்பக்கம் மட்டும் விரலில் ஏதோ தட்டியது, மணல் ஒட்டின மாதிரி. அப்போதுதான் புரிந்தது, அடிப்பக்கத்தை நான் கல்லில் தொடவே இல்லை. இன்னும் இருபது இழுப்பு. அன்று மாலை தக்காளி மேல் கத்தியை வைத்து இழுத்தேன். அழுத்தவே இல்லை. தோல் பிளந்து உள்ளே இறங்கியது. சும்மா இன்னும் மூன்று தக்காளி நறுக்கினேன். இரண்டு நாளைக்குத் தக்காளித் தொக்குதான் சாப்பிட்டோம்.

கூர் இரண்டு வாரம் நிற்கிறது, அப்புறம் நைஸ் பக்கத்தில் ஐந்து நிமிடம். பட்டறைவீடு சொன்ன மாதிரி கெட்டி குறைந்த இரும்புதான். இருக்கட்டும்.

விரலில் ஒரு முறை வெட்டு. கத்தி கூராகிவிட்டது என்பதை மறந்து பழைய வேகத்தில் அழுத்தியதில். ஆழமில்லை.

இப்போது ஒரு புதுப் பிரச்சினை. அம்மா பார்க்க வந்திருந்தாள். கத்தியை எடுத்து ஒரு பீன்ஸ் நறுக்கினாள், ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்குப் போய் நேற்றுத் தம்பியிடம் பஸ்ஸில் தன் அருவாமனையைக் கொடுத்தனுப்பியிருக்கிறாள், சாக்கில் சுற்றி. அந்த வளைந்த அலகை இந்தத் தட்டைக் கல்லில் எப்படித் தேய்ப்பது?

பட்டறைவீடு, ஞாயிறு, மதியம் 12.15

அருவாமனை அசையக் கூடாது, கல்தான் போக வேண்டும். பலகையைக் காலால் மிதித்துக்கொள்ளுங்கள், இடுப்பு ஒத்துழைக்காவிட்டால் வீட்டுக்காரரை மிதிக்கச் சொல்லுங்கள். சின்னக் கல் ஒன்றைக் கையில் பிடித்து, அலகின் வளைவோடு அடியிலிருந்து நுனிக்கு, சாப்பாட்டுத் தட்டைத் துடைக்கிற மாதிரி. விரல்கள் கல்லின் முதுகில் இருக்கட்டும், விளிம்புக்கு வெளியே நீட்ட வேண்டாம். பிசிறு பார்க்கிற முறை அதேதான்.

தேங்காய்த் துருவி பக்கத்தைத் தொடாதீர்கள், அதற்கு அரம் வேண்டும்.

மிளகுரசம், ஞாயிறு, மதியம் 12.20

வீட்டுக்காரர் மிதித்துக்கொண்டு நிற்கிறார். அரம் எவ்வளவு இருக்கும்?